திரைக்கு வந்த தோல் ஏடுகள்: படிக்கப் போவது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு குடும்பத்தாரிடம் சின்னஞ்சிறு லத்தீன் புத்தகம் ஒன்று பல தலைமுறைகளாக இருந்து வந்தது. 1530களில் லண்டனில் அச்சானது. சட்டைப் பையில் அடங்கிவிடும். உள்ளூர் நிர்வாகத்துக்கான கையேடு அது. உள்ளே பெரிய அதிசயம் எதுவும் இல்லை. அதிசயம் மேலட்டையில் இருந்தது. அந்தக் காலத்தில் புத்தகம் கட்டுவோர், யாருக்கும் வேண்டாத பழைய தோல் ஏடுகளை வெட்டி, மடித்து, புதுப் புத்தகத்துக்கு அட்டையாகத் தைத்துவிடுவார்கள். கச்சாங் பூத்தே பொட்டலம் மடிக்கப் பழைய தாளைக் கிழிப்பது போலத்தான்.

அந்த அட்டைத் தோலின் புகைப்படங்கள், அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் போட்ரிக் ஓ மகாயின் பார்வைக்கு வந்தன. எழுத்து ஐரிஷ் மொழி; பொருள் மருத்துவம் என்று அவர் கண்டுகொண்டார். எந்த மருத்துவ நூல் என்பதைச் சொன்னவர், ஐரிஷ் மருத்துவச் சுவடிகளில் நீண்ட காலம் ஆய்வு செய்து வரும் ஈவன் நிக் கொன்னகா என்ற அறிஞர். அது இப்னு சினாவின் புகழ்பெற்ற மருத்துவ நூலின் ஒரு பகுதி. 980ஆம் ஆண்டு பிறந்து 1037ஆம் ஆண்டு மறைந்த அந்தப் பாரசீக மருத்துவர் அரபு மொழியில் எழுதியது, லத்தீனுக்குப் போய், 15ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் மொழிக்கும் வந்திருக்கிறது. தாடை, மூக்கு, முதுகு ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் அந்தத் தோலில் இருந்தன. உரிமையாளர்களின் சம்மதத்தோடு தோல் பிரித்தெடுக்கப்பட்டு, விரித்துப் படமெடுக்கப்பட்டு, இணையத்தில் ஏற்றப்பட்டது. 2019 மார்ச்சில் இது உலகச் செய்தியானது.

இப்னு சினாவின் கருத்துகள் ஐரிஷ் மொழியிலா என்றுதான் எல்லாரும் வியந்தார்கள். வியப்பதற்கு உரியதுதான். ஆனால் இந்தக் கருத்தரங்கின் தலைப்புக்கு வேறொரு கேள்வி முக்கியம். இந்த மொழிபெயர்ப்பு இதுவரை வெளிவராத ஒன்று என்று அந்த அறிஞர்கள் எப்படி உறுதியாகச் சொன்னார்கள்? இருப்பவை அனைத்தும் என்னென்ன என்று தெரிந்திருந்தால்தான் ‘இது புதியது’ என்று ஒருவர் வாய் திறக்க முடியும். அந்தத் தெளிவைத் தந்தவை சுவடி விளக்க அட்டவணைகள். அவற்றை உருவாக்க ஏறத்தாழ 180 ஆண்டு உழைப்பு போயிருக்கிறது.

அட்டவணை என்றால் பட்டியல் அல்ல

நூலகத்தில் எல்லாரும் பார்த்த அட்டவணையில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, எண் இருக்கும். சுவடிக்கு இது போதாது. பெரும்பாலான ஐரிஷ் சுவடிகளுக்குத் தலைப்புப் பக்கமே கிடையாது. ஒரே கட்டில் ஒரு கடவுள் துதி, ஒரு போர்க்கதை, ஓர் அரச வம்சாவளி, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறிய ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படித்தாக வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் வரியையும் கடைசி வரியையும் எழுத வேண்டும். தோலா தாளா, நீளம் அகலம் என்ன, எத்தனை பேர் கையெழுத்து, ஓரத்தில் என்ன கிறுக்கல் என்பதும் பதிவாக வேண்டும்.

ஓரத்துக் கிறுக்கல் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ‘பழுப்புப் பசுவின் நூல்’ என்ற சுவடியையே எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் ஐரிஷ் மொழியில் எழுதப்பட்டு இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று கருதப்படும் நூல் அது. 67 தோல் ஏடுகள் மட்டுமே மிச்சம். பலர் கையெழுத்து அதில் உண்டு. அவர்களில் ஒருவர், பேனா சரியாக எழுதுகிறதா என்று பார்க்க ஓரிடத்தில் தம் பெயரைக் கிறுக்கி வைத்தார்: மேல் முய்ரா. அந்தப் பெயருடைய ஒருவர் 1106ஆம் ஆண்டு குளோன்மக்நாய்ஸ் மடத்தின் கல் கோயிலில் கொள்ளையர் கையால் கொல்லப்பட்டார் என்று ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. எனவே அவர் எழுதிய பகுதி 1106க்கு முற்பட்டது. பேனாவைச் சோதித்த ஒரு கிறுக்கல் இல்லாவிட்டால் அந்த நூலின் காலத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

இத்தகைய நூல்களை அந்தக் காலத்து அயர்லாந்தில் சொத்தாகவே மதித்தார்கள். இதே பழுப்புப் பசுவின் நூல் 1359ஆம் ஆண்டு, பிடிபட்டவர்களை மீட்கப் பிணைப் பொருளாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்த ஓ’டானல் குலத்தார் 1470இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். ‘பாலிமோட் நூல்’ 1522இல் கைமாறியபோது அதன் விலை 140 கறவை மாடுகள்! பிறகு ஆங்கிலேயர் ஆட்சி இறுகியது. சுவடிகளைப் போற்றி வந்த ஐரிஷ் குலத் தலைவர்களின் வீடுகள் வீழ்ந்தன. ‘லிஸ்மோர் நூல்’ 1640களின் போரில் கைப்பற்றப்பட்டு, பின்னர் கண்ணிலிருந்து மறைந்து, 1814இல் லிஸ்மோர் கோட்டைச் சுவருக்குள் அடைபட்ட நிலையில் வெளிவந்தது. 140 மாடுகளுக்கு விலைபோன சமூகத்தில் பிறந்த நூல்கள் சுவருக்குள்ளும் புத்தக அட்டையிலும் போய்ச் சேர்ந்தன.

ஆனாலும் எழுதுவது நிற்கவில்லை. தோல் போய்த் தாள் வந்தது. பிரபுக்களின் ஆதரவு போனதும் விவசாயிகளும் கிராமத்து ஆசிரியர்களும் பழைய கதைகளையும் கவிதைகளையும் படியெடுத்தார்கள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் தாள் சுவடிகள்தாம் இன்று எண்ணிக்கையில் மிகுதி. அச்சு எங்கும் பரவிய பிறகும் கையால் படியெடுத்துக்கொண்டே இருந்த மக்கள் அவர்கள்.

காப்பகக் காவலாளி பேராசிரியரானார்

அப்படிப்பட்ட ஒரு விவசாயி வீட்டில் 1794ஆம் ஆண்டு பிறந்தவர் யூஜீன் ஓ’கர்ரி. கிளேர் மாவட்டத்துக்காரர். அவருடைய தந்தை சுவடிகள் சேர்த்து வைத்தவர். பட்டம் எதுவும் ஓ’கர்ரியிடம் இல்லை. லிமெரிக் நகரில் மனநலக் காப்பகம் ஒன்றில் காவலாளியாக இருந்தார். 1830களில் அரசாங்க நில அளவைத் துறை ஐரிஷ் ஊர்ப் பெயர்களின் மூலத்தைத் தேடியது. அந்த வேலைக்குப் பழைய சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஓ’கர்ரிக்கு வாசல் திறந்தது அங்கேதான். 1842 முதல் டப்ளின் ராயல் ஐரிஷ் அகாடமியின் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தார். 1849இல் லண்டன் போய் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஐரிஷ் சுவடிகளையும் அட்டவணைப்படுத்தினார்.

அவரே பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1839ஆம் ஆண்டு கவிஞர் தாமஸ் மூர் அகாடமிக்கு வந்தார். அயர்லாந்தின் தேசியக் கவிஞர் என்று அன்று கொண்டாடப்பட்டவர்; அயர்லாந்து வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிக்கொண்டிருந்தவர்; முதல் பாகம் 1835இலேயே வெளிவந்துவிட்டது. ஓ’கர்ரியின் மேசையில் பெரிய பெரிய சுவடிகள் கிடந்தன. அவை என்னவென்று கேட்டார். ஓ’கர்ரி விளக்கினார். மூர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்முடன் வந்த நண்பர் பக்கம் திரும்பி, இவையெல்லாம் இருப்பதே தமக்குத் தெரியாது, தாம் வரலாறு எழுதப் புகுந்திருக்கவே கூடாது என்ற பொருளில் சொன்னாராம். உண்மையை ஒப்புக்கொண்ட மூரைப் பாராட்டத்தான் வேண்டும். மூலம் இருக்கிறதா என்று கேட்காமலே பாகம் பாகமாக எழுதித் தள்ளுகிறவர்கள் எந்த நாட்டிலும் குறைவில்லை.

1854இல் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஓ’கர்ரி பேராசிரியராக நியமிக்கப்பட்டார். எந்தச் சுவடி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, அதை எப்படி நம்புவது என்று மாணவர்களுக்கு வரிசையாக விரிவுரை ஆற்றினார். பல்கலைக்கழகத் தலைவர் நியூமனே வந்து கேட்டிருக்கிறார். விரிவுரைகள் 1861இல் நூலாயின. அடுத்த ஆண்டு ஓ’கர்ரி காலமானார். மாணவருக்கு ஐரிஷ் சுவடிகளின் கதவைத் திறந்த முதல் பெரிய முயற்சி அந்த நூல் எனலாம்.

ஆனால் அகாடமிக்காக அவர் எழுதிய அட்டவணை அச்சேறவில்லை, கையெழுத்தாகவே தங்கிவிட்டது. சுவடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டப்ளின் வரை போய் இன்னொரு சுவடியைத்தான் பார்க்க வேண்டும்!

இந்த இடைவெளியில்தான் 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினர். மிகக் கொடிய அடி விழுந்தது ஐரிஷ் பேசிய ஏழை மக்களின் மேற்குப் பகுதியில். 1851ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்றனர். 1891இல் அது 7 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சுவடிகள் நூலகத்துக்குள் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவற்றைப் படித்துக் காட்டக்கூடியவர்கள் வெளியே குறைந்துகொண்டிருந்தார்கள்.

அகாடமியின் அச்சு அட்டவணை 1926இல்தான் வெளிவரத் தொடங்கியது. மொத்தம் 28 பகுதிகள்; முடிந்தது 1970இல். கேத்லீன் மல்குரோன், எலிசபெத் ஃபிட்ஸ்பேட்ரிக், வினிஃப்ரெட் வுல்ஃப் ஆகிய பெண் அறிஞர்களின் உழைப்பு அதில் பெரும்பங்கு. கதை எழுதியவர் பெயர் நினைவில் நிற்கிறது. கதை எந்த ஏட்டில் இருக்கிறது என்று 300 சுவடிகளைப் புரட்டி எழுதி வைத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

லண்டனில் ராபின் ஃபிளவர் இருந்தார். ஓ’கர்ரிக்குப் பின் ஓ’கிரேடி என்பவர் தொடங்கி முடிக்காமல் விட்ட பிரிட்டிஷ் மியூசிய அட்டவணையைத் தொடர்ந்தவர் இவர். ஃபிளவர் ஆங்கிலேயர். சுவடியின் மொழியைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது, பேசும் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று 1910இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பெரிய பிளாஸ்கட் தீவுக்குப் போனார். பிறகு பல கோடைகள் போனார். மீனவர்கள் அவருக்குச் ‘சிறு மலர்’ என்று பொருள்படும் ஐரிஷ் செல்லப்பெயர் வைத்தார்கள். 1946இல் அவர் மறைந்தபோது அஸ்தி அந்தத் தீவில்தான் தூவப்பட்டது. அவருடைய அட்டவணையின் கடைசித் தொகுதி 1953இல் வெளிவந்தது. அதே 1953இல்தான் தீவில் எஞ்சியிருந்த மக்களை அரசாங்கம் கரைக்குக் குடியேற்றியது. இன்று அங்கே ஊர் இல்லை.

படம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை

1990களின் இறுதியில் டப்ளின் உயராய்வுக் கழகம் ‘ஐரிஷ் ஸ்கிரிப்ட் ஆன் ஸ்கிரீன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஓ மகாயின் அதன் முன்னோடிகளில் ஒருவர். சுவடிகளைப் பக்கம் பக்கமாக உயர்தரத்தில் படமெடுத்து, அட்டவணை விளக்கத்தோடு சேர்த்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைப்பதே நோக்கம். முன்பெல்லாம் மாணவர் ஒருவர் பழுப்புப் பசுவின் நூலைப் பார்க்க வேண்டுமென்றால் பரிந்துரைக் கடிதம், பயணச் செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. அப்படியும் மூல ஏட்டைத் தொட விடுவார்கள் என்று நிச்சயமில்லை. விடாததில் நியாயமும் உண்டு. இன்று கணினி இருந்தால் போதும். தோலின் மயிர்க்கால் வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். லிஸ்மோர் நூலைத் தனியார் உடைமையாக இருந்தபோதே திரையில் பார்க்க முடிந்தது. மூல நூலே 2020இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தது.

எல்லாம் சரி. படம் திறக்கிறது. மாணவர் பார்க்கிறார். அப்புறம்?

அயர்லாந்துப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஐரிஷ் படிக்கிறார்கள் என்பது பொதுவாக உண்மை. அவர்களால்கூட இந்தப் பக்கங்களைப் படிக்க முடிவதில்லை. காரணம் மொழியின் பழமை மட்டும் அன்று. 1960கள் வரை பள்ளிப் பாடநூல்கள் பழைய ஐரிஷ் எழுத்து வடிவில் அச்சாயின. அந்த வடிவத்தில் ஒரு மெய்யெழுத்தின் ஒலி மெலியும்போது அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். தமிழ் நேயர்களுக்குப் புள்ளியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை! பிறகு சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறினார்கள்; புள்ளி போய், பக்கத்தில் ‘எச்’ எழுத்து வந்தது. 1940களில் எழுத்துக்கூட்டலும் சுருக்கப்பட்டது. அச்சிடுவோருக்கும் தட்டச்சு செய்வோருக்கும் அது பெரிய வசதி. ஆனால் தாத்தாவின் பாடநூலுக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது.

சுவடிகளில் இன்னும் ஒரு சிக்கல். தோல் விலை அதிகம். எனவே எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதினார்கள். மேலே ஒரு கோடு என்றால் சில எழுத்துகள் மறைந்திருக்கின்றன என்று பொருள். ஆங்கில ஏழு போன்ற ஒரு குறி ‘மற்றும்’ என்பதற்கு. அது ஒன்று மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. டப்ளினில் கார் நிறுத்தக் கட்டண அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம். தினமும் கடந்து போகிறவர்கள் பலருக்கு அது ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று தெரியாது.

ஆக, திரையில் ஏற்றியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி பழைய நூல்களின் வாசகங்களைத் தேடக்கூடிய வடிவில் 1990களிலிருந்தே இணையத்தில் ஏற்றி வருகிறது. 1913 முதல் 1976 வரை பகுதி பகுதியாக அச்சான பழைய ஐரிஷ் அகராதி இப்போது இலவசமாகத் திறக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லேவ்’ என்ற இணையத்தளம், 13ஆம் நூற்றாண்டு முதலான ஐரிஷ் மொழியைச் சொல் சொல்லாகப் பிரித்து விளக்கிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. படம் ஓரிடம், வாசகம் ஓரிடம், அகராதி ஓரிடம். மூன்று சன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு தடுமாறும் மாணவருக்கு வழிகாட்ட ஆசிரியர் ஒருவர் தேவை. அந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று, அறிஞர்களின் அட்டவணை நூலகத்தின் பெயரில் தொடங்கி அலமாரி எண்ணுக்குப் போகிறது. பழுப்புப் பசுவின் நூலுக்கு அகாடமியில் ‘23 ஈ 25’ என்று பெயர். தெரிந்தவருக்கு அது போதும். பதினாறு வயது மாணவர் அலமாரி எண்ணோடு வருவதில்லை. “எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்ற கேள்வியோடு வருகிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தொகுப்பு ஒன்று அயர்லாந்தில் உண்டு. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள், தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கதை, பழமொழி, கைவைத்தியம், ஊர்ப் பெயர்க் காரணம் எல்லாம் கேட்டு எழுதினார்கள். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள அந்தத் தொகுப்பு இப்போது ‘தூகஸ்’ இணையத்தளத்தில் இருக்கிறது. ஊர் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியது வரும். குடும்பப் பெயரைத் தட்டினால் கொள்ளுப் பாட்டியின் கையெழுத்தே வந்தாலும் வரலாம். கையெழுத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

இவை சுவடிகளா, வெறும் பள்ளிக் குறிப்பேடுகளா என்று கேட்கும் அறிஞர்கள் இருக்கலாம். ஆனால் ஐரிஷ் மொழியில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்கள் அன்றைய பழைய எழுத்து வடிவில், தலைப் புள்ளியோடு இருக்கின்றன. சம வயதுப் பிள்ளையின் கையெழுத்து, பழகிய ஊர், பாதி தெரிந்த கதை. புள்ளியை அங்கே கற்றுக்கொண்ட மாணவருக்கு 18ஆம் நூற்றாண்டுத் தாள் சுவடி அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. அங்கே சுருக்கக் குறிகளைப் பழகிக்கொண்டால் 15ஆம் நூற்றாண்டுத் தோலுக்குப் போகலாம். மிகப் பழையதில் தொடங்கி மாணவரை மிரட்டுவதைவிட, இப்படிப் பின்னோக்கி அழைத்துப் போவது நல்லது.

ஓ’கர்ரியும் இந்த வழியில்தான் வந்தார். கிளேர் மாவட்டத்து விவசாயி வீட்டில், தந்தை சேர்த்து வைத்த சுவடிகளில் எழுத்தைப் பழகினார். பழுப்புப் பசுவின் தோல் ஏடுகள் அவர் மேசைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.